முதலமைச்சரோடு ஒரு படம்

தேர்தல் முடிவு தொலைக்காட்சியில் வந்து, தட்டில் போட்ட சோறு ஆற முன்னரே தவராசா தொலைபேசி எடுத்துவிட்டார். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் மாநிலத்தின் முதல்வர் மீண்டும் வென்றிருக்கிறார். சும்மா வெற்றி இல்லை. எதிர்த்து நின்றவர்கள் போன இடம் தெரியாத வெற்றி. தவராசா எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அந்த நல்ல மனத்தால் வந்த வினையைத்தான் நான் இங்கே எழுதப்போகிறேன்.

"அண்ணை, பாத்தனீங்களோ? மனிசன் அள்ளிக்கொண்டு போட்டார். வாற கிழமை நன்றி சொல்ல எங்கடை ரவுணுக்கு வாறாராம். பொன்னாடை போர்த்த வேணும். என்ரை பேச்சை நீங்கள்தான் டொச்சிலை சொல்லிவிடவேணும்."

"நான் பென்சனுக்குப் போட்டன் தவராசா."

"வாய்க்கு என்ன பென்சன் அண்ணை?" என்று சிரித்தார்.

வரமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். மனைவி என்னவென்று கேட்டாள்; ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லியே பல வருடங்களை ஓட்டிவிட்டேன். இனி எழுதிவிடுவோம். மாநிலத்தின் பெயரையும் முதல்வரின் பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர்கள் கட்சிச் சண்டைக்குப் போய்விடுவார்கள், சுகந்தியை மறந்துவிடுவார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளனானது திட்டமிட்டு அல்ல. அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு கெல்சென்கிர்ச்சனில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். மேற்பார்வையாளர் வாய் ஓயாமல் ஏசுவார். அந்த ஏச்சிலேயே என் டொச், அதாவது ஜெர்மன் மொழி, திருந்தியது. பின்னேரப் பள்ளியில் படித்து, பரீட்சை எழுதி, நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, முத்திரை வாங்கினேன். பிறகு இந்த மாநிலத்துக்கு வந்து, தேவாலயத்தோடு சேர்ந்த ஓர் அகதிகள் ஆலோசனை நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தேன். நீதிமன்றமும் பொலிசும் வெளிநாட்டவர் அலுவலகமும் கூப்பிட்டாலும் போவேன். இந்த ஊரில் தமிழுக்கு முத்திரை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

ஆலோசனை நிலையத்தின் பொறுப்பாளர் ஃப்ராவ் லிண்ட்னர். உயரமான பெண், சைக்கிள் தலைக்கவசத்தோடு உள்ளே வந்து, பாதி நாள் அதைக் கழற்ற மறந்து திரிவார். வேலையில் மட்டும் ஒன்றையும் மறக்கமாட்டார். கதிரைகளைத் தானே போடுவார். வந்தவருக்கு நேர் எதிரே அவருடைய கதிரை. என்னுடையது வந்தவரின் தோளுக்குச் சற்றுப் பின்னால். "நான் அவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். உன் முகம் எனக்குத் தேவையில்லை" என்பார்.

முதல் கிழமையே எனக்கு அடி விழுந்தது. "தனக்குப் பயமாக இருக்கிறது என்று இவர் சொல்கிறார்" என்று நான் டொச்சில் சொன்னதும், ஃப்ராவ் லிண்ட்னர் பென்சிலால் மேசையில் தட்டினார். 'சொல்கிறார்' என்ற பேச்சே கூடாது. அவர் 'எனக்குப் பயம்' என்றால், நீயும் 'எனக்குப் பயம்' என்று சொல். நீ ஆள் இல்லை, வாய் என்றார். அதுதான் இந்தத் தொழிலின் முறை. அதிகாரி 'நான்' என்றால் தமிழில் நானும் 'நான்'. பெண் ஒருத்தி 'என்ரை புருசன்' என்றால், மீசை வைத்த நானும் டொச்சில் 'என் கணவர்' என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது அந்த அறையில் ஒருவர்கூடச் சிரித்ததில்லை.

இன்னொரு நாள் ஒரு முதியவர், தன் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், ஏன் திரும்பி வந்தது என்று ஃப்ராவ் லிண்ட்னர் விளக்கிக்கொண்டிருக்க, பொறுமையிழந்து என் பக்கம் திரும்பி, "இந்த மனிசிக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை" என்றார். நான் நாகரிகமாக, "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொன்னேன். ஃப்ராவ் லிண்ட்னர் முதியவரின் முகத்தைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "அது கவலை இல்லையே. சொன்னதைச் சொல்." சொன்னேன். ஃப்ராவ் லிண்ட்னர் தலையாட்டிவிட்டு, "சரி, அப்படியானால் முதலிலிருந்து விளக்குகிறேன்" என்று தொடங்கினார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

சுகந்தி எங்களிடம் வந்தபோது அவளுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. கையில் இருந்தது டூல்டுங் மட்டும்: 'இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை' என்று சொல்லும் தாள். அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை டெர்மின் எடுத்து, அதாவது நாளும் நேரமும் குறித்து வாங்கிப் போய், நீடிக்கவேண்டும். முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை செய்தாள். இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் அவளுடைய கணவனை அவள் கண் முன்னாலேயே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்தவீடும் இல்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை.

கதவு பூட்டிய அறைக்குள் அவளால் இருக்க ஏலாது. ஃப்ராவ் லிண்ட்னர் அவள் வரும் நாளில் குளிர்காலம் என்றும் பார்க்காமல் கதவைத் திறந்தே விடுவார். நாங்கள் மூவரும் மேலங்கியோடு இருந்து கதைப்போம். சனக்கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். மனநல வைத்தியர் அவளால் பயணம் செய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வைத்தியரிடமும் நான்தான் வாய். எத்தனையோ தடவை நான் டொச்சில், "என் கணவரை ஏற்றிக்கொண்டு போனார்கள், நான் வாகனத்தின் பின்னால் ஓடினேன்" என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி ஏதும் கேட்பதற்கு முன்னரே கதவுகளைத் திறந்து விடுவேன்.

சட்டத்தில் வழி முடிந்தவர்களுக்கு மாநிலத்தில் கடைசியாக ஒரு வாசல் உண்டு. ஓர் ஆணைக்குழு அவர்களின் கதையைக் கேட்டு, இவரை இரக்கப்பட்டு இருக்கவிடலாம் என்று அமைச்சருக்குச் சிபாரிசு செய்யும். முடிவு அமைச்சரின் கையில். காரணம் சொல்லவேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஃப்ராவ் லிண்ட்னர் சுகந்திக்காக அந்த வாசலைத் தட்டினார். ஆணைக்குழு சிபாரிசு செய்தது! நாங்கள் மூவரும் அந்த அறையில் கேக் சாப்பிட்டோம். ஆனால் போன தேர்தல் அப்போது நெருங்கியிருந்தது. அமைச்சின் அலுவலகத்தில், "தேர்தல் முடியட்டும்" என்றார்கள்.

அந்த அமைச்சர் ஒரு சின்னக் கட்சிக்காரர். முதல்வரின் பெரிய கட்சிக்குத் தனித்து ஆளப் போதிய இடங்கள் இல்லாததால், அந்தச் சின்னக் கட்சியைக் கூட்டுச் சேர்த்திருந்தார்கள். இரக்கத்தின் வாசல் மூடாமல் இருந்ததே அந்தச் சின்னக் கட்சி அதில் கால் வைத்திருந்ததால்தான். முதல்வரோ அந்தத் தேர்தலில் ஊரெல்லாம் 'ஒழுங்கு' என்று சுவரொட்டி ஒட்டினார். இருக்க உரிமை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவேன் என்று மேடைக்கு மேடை பேசினார். அதே மனிதர்தான் எங்கள் கோயில் தேருக்கும் வந்தார். சப்பாத்தைக் கழற்றி, நெற்றியில் சந்தனம் வைத்து, "உங்களைப் போல எல்லோரும் உழைத்தால் இந்த நாட்டில் பிரச்சினையே இல்லை" என்றார். அதைத் தமிழில் சொன்னதும் நான்தான். சனம் கை தட்டியது. ஜெர்மன் குடியுரிமை எடுத்திருந்த எங்களில் பலர் அந்த முறைதான் முதல் தடவையாக வாக்குப் போடப்போனார்கள். அவருக்கே போட்டார்கள்.

தேர்தல் நாள் பின்னேரம் சங்க மண்டபத்தில் பெரிய திரை கட்டி, தவராசா எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். ஃப்ராவ் லிண்ட்னரும் வந்திருந்தார். சுகந்தி பின்னால் குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்தாள். வாக்கு இல்லாதவளுக்கு அங்கேதான் இடம். ஆறு மணிக்கு முதல் கணிப்பு வந்தது. திரையில் முதல்வரின் கட்சியின் வாக்கு வீதத்தைக் காட்டும் கட்டை உயர்ந்தது, உயர்ந்துகொண்டே போனது. மண்டபம் ஆர்ப்பரித்தது. தவராசா யாரையோ கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஃப்ராவ் லிண்ட்னர் மட்டும் திரையின் மறு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் கட்சியின் கட்டை ஐந்து வீதத்துக்குக் கீழே நின்றது. ஐந்து வீதம் இல்லாவிட்டால் இங்கே சட்டமன்றத்துக்குள் கால் வைக்க முடியாது.

அவர் கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தார். "இனி முதல்வருக்கு யாரும் தேவையில்லை" என்றார் என்னிடம். அதை யாருக்கும் தமிழில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

முதல்வர் நன்றி சொல்ல நகரசபை மண்டபத்துக்கு வந்தார். சங்கத்துக்குச் சில நிமிடங்கள் கொடுத்திருந்தார்கள். தவராசாவின் பேச்சைச் சொல்ல நான் போனேன். பொன்னாடையும் மாலையும் ஆரத்தித் தட்டும் கொண்டுவந்திருந்தார்கள். கற்பூரம் கொளுத்தக்கூடாது என்று பாதுகாவலர்கள் மறித்ததால் தட்டில் குங்குமத் தண்ணீர் மட்டும். மண்டப வாசலில் வந்து நின்ற எங்கள் சங்கத்து வான் வண்டியின் கதவு திறந்தது. தட்டை ஏந்தியபடி இறங்கினாள் சுகந்தி. தவராசாவின் மனைவியின் பட்டுச்சேலை, தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. முகத்தில் உயிர் இல்லை.

நான் தவராசாவைச் சுவரோடு ஒதுக்கினேன். "என்ன வேலை செய்யிறியள்? அந்தப் பிள்ளைக்குச் சனத்துக்குள்ளை நிக்க ஏலாது எண்டு தெரியாதோ?"

"தெரியும் அண்ணை. அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. "முதலமைச்சருக்குப் பக்கத்திலை நிண்டு ஒரு படம் எடுத்தா, பிறகு அவளை ஆர் தொடுறது? ஊரிலை எங்கடை ஐயா எம்.பியோடை நிண்ட படத்தை விறாந்தையிலை மாட்டி வச்சிருந்தவர். பொலிசு வந்தா படத்தைப் பாத்திட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவாங்கள்."

அதில் பொய் இல்லை. ஊரில் அது உண்மைதான். வென்றவரிடம் போய், மாலை போட்டு, பக்கத்தில் நின்று முகத்தைக் காட்டி, பிறகு வேண்டியதைக் கேட்பதுதான் எங்கள் சனம் கண்ட வழி. முதல்வர் அதற்குள் மேடைக்கு வந்துவிட்டார். தவராசா பேசினார், நான் சொன்னேன். பொன்னாடை போர்த்தினார்கள். சுகந்தி தட்டைச் சுற்றினாள். குங்குமத் தண்ணீர் தளும்பியது. முதல்வர் குனிந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். படப்பிடிப்பாளர்கள் நெருங்கினார்கள். தவராசா பின்னாலிருந்து, "சிரி பிள்ளை, சிரி" என்றார். அவள் சிரித்தாள். பத்து வருடத்துச் சிரிப்பை ஒரேயடியாகச் சிரித்ததுபோல் இருந்தது.

அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையின் முன்பக்கத்தில் அந்தப் படம் வந்தது. ஃப்ராவ் லிண்ட்னர் பத்திரிகையை மேசையில் விரித்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே நெடுநேரம் பார்த்தார். ஏசவில்லை. "இவள் ஏன் சிரிக்கிறாள்?" என்று மட்டும் கேட்டார். நான் முடிந்தவரை விளக்கினேன். மங்கல காரியத்தில் அழுத முகத்தோடு நிற்கக்கூடாது, கௌரவிக்கிறவரின் முன்னால் துக்கத்தைக் காட்டுவது அவமரியாதை, சிரி என்று பெரியவர் ஒருவர் சொன்னால் சிரிக்கவேண்டும். அவர் எல்லாவற்றையும் அப்படியே எழுதி, வைத்தியரிடமும் ஒரு விளக்கம் வாங்கி, அமைச்சுக்கு அனுப்பினார். புதிய அமைச்சர் முதல்வரின் சொந்தக் கட்சிக்காரர். எங்கள் விளக்கத்துக்குப் பதில் வரவில்லை. சிபாரிசு ஏற்கப்படவில்லை என்று மட்டும் வந்தது.

ஃப்ராவ் லிண்ட்னர் சுகந்தியைக் கூப்பிட்டு, மெதுவாக, சுற்றிவளைக்காமல் சொன்னார்: வாசல் மூடிவிட்டது, வழக்கறிஞர் முயற்சி செய்கிறார், ஆனால் நம்பிக்கை குறைவு. நான் தமிழில் சொன்னேன். சுகந்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவர் என்ரை கையைப் பிடிச்சவர்" என்றாள். நான் டொச்சில், "அவர் என் கையைப் பிடித்தார்" என்றேன். ஃப்ராவ் லிண்ட்னர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வந்தவரின் முகத்திலிருந்து அவர் கண்ணை எடுத்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

டூல்டுங் நீடிக்கும் டெர்மினுக்கு வெளிநாட்டவர் அலுவலகம் என்னைக் கூப்பிட்டது. வழமையான டெர்மின் என்றார்கள். கதவைத் திறந்தபோதுதான் இரண்டு பொலிஸ்காரர்கள் சுவரோரமாக நிற்பதைக் கண்டேன். திரும்பிப் போகலாம் என்றிருந்தது. போனால் தொலைபேசியில் எங்கிருந்தோ ஒரு முகம் தெரியாத குரலைப் பிடித்து வேலையை முடிப்பார்கள். அவளுக்குத் தெரிந்த குரலாவது இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதிகாரி இளம் ஆள், மரியாதையானவர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: "உங்கடை டூல்டுங்கை இனி நீடிக்கமாட்டம். இண்டைக்கே உங்களை பிராங்பேர்ட் எயார்போட்டுக்குக் கொண்டு போறம்."

சுகந்தி திடுக்கிடவில்லை. கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பட்டுச்சேலை, ஆரத்தித் தட்டு, முதல்வர். "இதைக் காட்டுங்கோ அண்ணை" என்றாள்.

அதிகாரி பார்த்தார். "இந்தப் படம் எங்கள் கோப்பில் ஏற்கனவே இருக்கிறது" என்றார். நான் சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப அவைக்குத் தெரியுந்தானே!"

அதையும் நான் டொச்சில் சொன்னேன். அதிகாரி கொஞ்சம் தயங்கிவிட்டுப் பேசினார். அவர் பேசி முடித்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். சுகந்தியும் என்னைப் பார்த்தாள். வேறு வழி இல்லை, சொன்னேன்: "இந்தப் படத்திலை நீங்கள் இவ்வளவு சனத்துக்கு நடுவிலை சுகமா, சிரிச்சுக்கொண்டு நிக்கிறியள். அதாலை உங்களுக்குப் பயணம் செய்ய ஏலும் எண்டு நாங்கள் முடிவெடுத்திருக்கிறம்."

அவள் படத்தைத் திரும்ப எடுத்து, தன் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னிடம் அல்ல, அதிகாரியிடம் தமிழிலேயே சொன்னாள்: "அது தவராசா அண்ணை சிரிக்கச் சொன்னவர்."

"தவராசா அண்ணன்தான் என்னைச் சிரிக்கச் சொன்னார்" என்றேன் டொச்சில். அதிகாரி அதைப் பதியவில்லை. பொலிஸ்காரர் கதவைச் சாத்தினார். சாத்தாதீர்கள் என்று நான் என் சொந்த வாயால் கத்தினேன். இத்தனை வருட வேலையில் அந்த ஒருமுறைதான் நான் நானாகப் பேசியது. கதவு திறக்கவில்லை.

கொழும்பில் இறங்கிய பிறகு அவளுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. ஃப்ராவ் லிண்ட்னர் தெரிந்த எல்லோரையும் கேட்டார்; ஒரு தகவலும் இல்லை. அடுத்த வருடம் அவர் வேலையை விட்டார். நான் பென்சன் வரும்வரை இழுத்தேன். கணவனைத் தேடிக்கொண்டிருந்தவளை இப்போது நாங்கள் தேடுகிறோம். கிடைப்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

நேற்று தவராசாவின் கடைக்குப் போனேன். தொலைபேசியில் சொன்னதை நேரில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் சுவரில் அந்தப் படம் இன்னும் சட்டத்துக்குள் இருக்கிறது. நடுவில் முதல்வர், பொன்னாடையோடு. ஓரத்தில் அவள்.

"நான் வரமாட்டன் தவராசா. நீங்களும் போகாதையுங்கோ. ஒருக்காப் பட்டது காணாதோ?"

அவர் அரிசி மூட்டையின் மேல் இருந்தார். "இப்ப ஹம் ரவுணிலை இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கு அண்ணை, டூல்டுங்கோடை. சின்னப் பிள்ளையள் இரண்டு. இந்த மனிசனிட்டைப் போகாமல் வேற ஆரிட்டைப் போறது? நீங்கள் சொல்லுங்கோ, அங்கை போறன்."

நான் யோசித்துப் பார்த்தேன். சின்னக் கட்சி இல்லை. ஃப்ராவ் லிண்ட்னர் இல்லை. இந்த வெற்றிக்குப் பிறகு, கேட்டால் கேட்கவேண்டிய கட்டாயம் உள்ளவர் என்று ஒருவரும் மிச்சம் இல்லை. பேச்சை மாற்றுவதற்காக, "அந்தப் படத்தையாவது கழற்றுங்கோ" என்றேன்.

தவராசா திரும்பிச் சுவரைப் பார்த்தார். "கழற்ற ஏலாது அண்ணை" என்றார். "அந்தப் பிள்ளையின்ரை படம் எண்டு எங்களிட்டை இருக்கிறது இது ஒண்டுதான்."

நான் வாங்க வந்த அரிசியை வாங்காமலே வெளியே வந்தேன்.